நிம்மதிப் பட்டை

நடுச்சாலையில் என் வலது செருப்பு கழன்றது. அதை எடுக்கத் திரும்பினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்கே சைகோன் நகரத்தின் மாலைப் போக்குவரத்து அப்படியே நின்றுபோய், தார்ச்சாலை எங்கும் தங்கமீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

என்னை வண்டியில் வைத்து ஊர் சுற்றிக்காட்டிய வழிகாட்டிப் பெண் துயென் எனக்கு முன்பே சொல்லித்தான் இருந்தாள். "சித்தப்பா, இந்த ஊர்ல ரோட்டத் தாண்டறதுக்கு ஒரே சட்டந்தானுங்க. மெதுவா நடந்துட்டே இருக்கோணும். ஓடக் கூடாது, நிக்கக் கூடாது, பின்னால கால் வெக்கவே கூடாது. உங்க அடுத்த எட்டு எங்க விழும்னு வண்டிக்காரங்க மனசுல கணக்குப் போட்டுட்டுத்தான் வருவாங்க. நீங்க நடந்தா ஆறு மாதிரி ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிருவாங்க."

வியட்நாம் பெண் எப்படிக் கொங்குத் தமிழ் பேசினாள் என்று கேட்பீர்கள். அவள் பேசியது அவளுடைய மொழிதான். என் காதில் செருகியிருந்த மொழிபெயர்ப்பான் அதைத் தமிழாக்கித் தந்தது, என் தமிழை அவள் மொழியில் அவளுக்குச் சொன்னது. விமான நிலையத்தில் அதை வாங்கும்போது 'எந்த ஊர்த் தமிழ்?' என்று கேட்டது. நானும் குறும்பாகக் கோயம்புத்தூர் என்று அமுக்கிவிட்டேன். சித்தப்பா என்பது மட்டும் அசல் அவளுடையது. அந்த ஊரில் எதிராளியின் வயது தெரியாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாதாம். ஓட்டல் வாசலில் என்னைக் கண்டதும் முதல் கேள்வியே வயதுதான். அறுபத்தொன்று என்றேன். அவள் அப்பா இருந்திருந்தால் அறுபத்து மூன்றாம். அந்தக் கணத்திலிருந்து நான் அவளுக்குச் சித்தப்பா, அவள் எனக்குப் புள்ளை. சொந்த அண்ணன் மகள்கூட என்னை வருஷத்துக்கு ஒரு தடவைதான் அப்படிக் கூப்பிடுகிறாள்.

அந்தப் புள்ளை சொன்ன ஒரே சட்டத்தைத்தான் மீறினேன். புதுச் செருப்பு. விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. சட்டென்று நின்று இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். அந்த ஊரில் இப்போது எல்லாமே மின்சார வண்டிகள். வருவதே தெரியாது. பின்னிருக்கையில் கம்பிச் சட்டம் கட்டி, தண்ணீரும் மீனுமாக நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்த ஒரு வண்ணமீன் வியாபாரி, நான் இருக்கக்கூடாத இடத்தில் என்னைக் கண்டு வண்டியை ஒடித்தார். சரிந்தார். பைகள் வெடித்தன. ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என்னை இழுக்க ஓடிவந்த துயென் அந்தத் தண்ணீரில் வழுக்கி மல்லாந்து விழுந்தாள். அவள் ஹெல்மெட் பின்பக்கம் 'டக்' என்று தரையில் மோதியது.

நான் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை அன்று மாலை முழுக்கப் படுத்தி எடுத்தது. யாருமே என்னைத் திட்டவில்லை.

காந்திபுரத்தில் இதைச் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "ஏய்யா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று பஸ் டிரைவர் கேட்டிருப்பார். ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்திருப்பார். நான் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி, மனசு லேசாகி வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே மீன் வியாபாரி எழுந்தார், முழங்கையில் ரத்தம், முகத்தில் கோபம் திரண்டு வந்தது. நான் ஆவலோடு காத்திருந்தேன். அவர் பார்வை என் மணிக்கட்டுக்குப் போனது. அங்கே சுற்றுலா நிறுவனம் மாட்டிவிட்ட வெள்ளைப் பட்டை இருந்தது. உடனே யாரோ துணியால் துடைத்ததுபோலக் கோபம் மறைந்து அவர் சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க. ஒண்ணுமேயில்லீங்க. நல்லா ஊரைச் சுத்திப் பாருங்க" என்றது என் காது.

நூடுல்ஸ் கடைக்காரர்கள் கிண்ணங்களோடு ஓடிவந்து மீன்களைப் பொறுக்கினார்கள். அவர்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மீன் என் கால் பெருவிரலருகே வாயைத் திறந்து திறந்து மூடியது. அது ஒன்றுதான் தன் மனதில் பட்டதைச் சொன்னது என்று நினைக்கிறேன்.

துயென் எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். அதன் பின்புறம் பட்டாணி அளவில் ஒரு விளக்கு இருந்தது. மாலை தொடங்கியதிலிருந்து பின்னிருக்கையில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். பச்சையாக எரியும். ஏதோ அலங்காரம் என்று எண்ணியிருந்தேன். அவள் விழுவதற்கு முன் கடைசியாகக் கண்ணில் பட்டபோது அது மஞ்சள். இப்போது உடைந்து கிடந்தது. அவள் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து விளக்கில்லாத பழைய ஹெல்மெட் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அடி பட்டுதா அம்முணி?"

"புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க சித்தப்பா. உக்காருங்க, போலாம்."

அடுத்த நிறுத்தம் மாரியம்மன் கோவில். ஆமாம், சைகோனில், சந்தைக்குப் பக்கத்தில், நம் மாரியம்மன்தான். தமிழ் விருந்தினர்களைக் கட்டாயம் அங்கே கூட்டிப்போவார்களாம். ஆனால் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். கர்ப்பக்கிரகத்தின் பின்சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, தங்கள் வேண்டுதலைச் சுவரிடமே கிசுகிசுக்கிறார்கள். துயெனும் போய்ச் சுவரில் முகம் வைத்தாள். வெகுநேரம் முகத்தை எடுக்கவேயில்லை.

எங்கள் குழுவில் இன்னொரு ஆள் உண்டு. பாளையங்கோட்டைத் தலைமையாசிரியை, ஓய்வுபெற்றவர், பெயர் மெர்சி டீச்சர். பாவ் என்கிற இளைஞன் அவரை வண்டியில் வைத்து ஓட்டிவந்தான். வேற்றுச் சாமி என்பதால் டீச்சர் கோவிலுக்குள் வராமல் வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

மீன் கதையைச் சொன்னேன். டீச்சர் இளநீரைக் கீழே வைத்தார்.

"பதறுனியளா?"

"பதறாம? அந்தப் புள்ளை மல்லாக்க விழுந்துருச்சுங்க!"

"விளக்கு என்ன நிறத்துல இருந்துச்சு?"

"எந்த விளக்கு?"

"அட ஆண்டவரே" என்று தலையில் கைவைத்தார். "அந்த ஹெல்மெட்டுல இருக்கது நம்ம விளக்கு, அண்ணாச்சி. உங்க கையில இருக்க பட்டை சும்மா இல்ல. நாடி, வேர்வை, நடுக்கம் எல்லாத்தையும் பாத்து, உங்க மனசு எப்படி இருக்குன்னு விளக்குக்குச் சொல்லும். நிம்மதியா இருந்தா பச்சை. சங்கடப்பட்டா மஞ்சள். ரொம்பச் சங்கடப்பட்டா சிவப்பு. இந்தக் கம்பெனி பேரே 'நிம்மதி உலா'ல்லா?"

"சரிங்க. சிவப்பானா என்ன? எனக்கு மாத்திரை குடுப்பாங்களா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வண்டி ஓட்டுத புள்ளைக்கு வேலை போயிரும்."

நான் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை.

"நெசமாத்தான் சொல்லுதேன். போன தடவை வந்தப்போ எனக்கு ஓட்டுனவன் நல்ல பையன். நடுவுல எனக்குப் பல்வலி வந்துட்டு. பல்வலின்னு அந்தப் பட்டைக்குத் தெரியுமா? இவன் ஓட்டுததுனால நான் சங்கடப்படுதேன்னு எழுதிக்கிட்டு. மறுநாள் அவனைக் காணோம். விசாரிச்சா, நிறுத்திட்டாவளாம். ஆளு யாரும் நிறுத்தல, பட்டைக் கணக்கு அதுவா நிறுத்திட்டு. இந்தப் பட்டைல ஒரு தடவை சிவந்தவங்களை வேற எந்தக் கம்பெனியும் சேக்காது. ஓட்டல்ல தட்டுக் கழுவக்கூட. எல்லாம் ஒரே கணக்குல்லா."

"அந்த மீன்காரர் சிரிச்சது?"

"அவர் கடையும் அந்தத் தெருவுலதான இருக்கும். விருந்தாளி சங்கடப்பட்ட தெருவுக்குள்ள அடுத்த மாசம் வண்டி வராது. சிரிக்காம என்ன செய்வாரு?"

உள்ளே துயென் இன்னும் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"நான் அந்தப் புள்ளைகிட்டயே நேரா கேட்டர்றேன்" என்றேன்.

"கேட்டா சொல்ல மாட்டா. சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டமாகும். கஷ்டமானா சிவக்கும். அதனால விருந்தாளி கேட்டா எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லணும், அதான் அவங்க பயிற்சி." டீச்சர் தன் வெள்ளைப் பட்டையைத் தடவிக்கொடுத்தார், ஒரு பூனைக்குட்டியைத் தடவுவதுபோல. "இந்தத் தடவை நான் வீட்டுலயே பழகிட்டு வந்துட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் எட்டாம் கிளாஸ் மேய்ச்சவளுக்கு இது ஒரு விஷயமா? நீங்களும் மூச்சை இழுத்து விட்டு நிம்மதியா இருங்க. அந்தப் புள்ளை பொழைப்பு உங்க நெஞ்சுலதான் இருக்கு."

நிம்மதியாக இரு என்று என்னிடம் சொல்வது, தண்ணீரிடம் நேராக நில் என்று சொல்வது மாதிரி. நான் முப்பத்து மூன்று வருஷம் பம்புசெட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஓடுகிற மோட்டார் மேல் கையை வைத்து எங்கே அதிர்வு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. ஓய்வுபெற்ற பிறகு மோட்டார் போய்விட்டது, அதிர்வு மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் நிற்பவன் நான். என் மனைவி, "உங்ககூட ஊட்டிக்குப் போனாலே எனக்குத் தலைவலி, வியட்நாமுக்கு வேறயா?" என்று வரமாட்டேன் என்றுவிட்டாள். மகள்தான், "ஒரு வாரமாவது நிம்மதியா இருந்துட்டு வாங்கப்பா" என்று இந்தச் சுற்றுலாவைப் பிடித்துக்கொடுத்தாள். அவள் தேடிப்பிடித்த கம்பெனியின் பெயரைப் பாருங்கள்.

கோவில் வாசலில் துயென் வந்ததும், என்னால் முடிந்தவரை நிம்மதியான முகத்தோடு கேட்டேன். "அம்முணி, இப்ப என்ன நெறம்?"

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் இளநீருக்குள் பார்த்தார்.

"பச்சைங்க சித்தப்பா."

"விளக்குத்தான் ஒடஞ்சு போச்சே?"

"என்ற போன்ல தெரியுமுங்க. நல்ல பச்சை."

"என்னால உனக்கு வேலை கீலை போயிராதே?"

"சித்தப்பா, அந்தா பாருங்க, அந்த மரத்துக்கு நூறு வயசு" என்றாள்.

டீச்சரும் பாவும் அடுத்து உயரமான கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியிலிருந்து நகர விளக்குகளைப் பார்க்கப் போனார்கள். பயணத் திட்டத்தில் எனக்கும் அதுதான். ஆனால் துயென், "நாம வேற பக்கம் போலாமுங்க" என்று வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினாள். பாவ் ஏதோ கத்திக் கேட்டான். அவள் கையை மட்டும் அசைத்தாள். அவன் தயங்கி, தலை குனிந்து எங்களுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போனான். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உயரத்தைக் கண்டால் எனக்கு இன்னும் படபடப்பு வரும், அதனால் தரையோடு கூட்டிப்போகிறாள். கெட்டிக்காரி.

பின்னிருக்கையில் நிம்மதியை வரவழைக்க உட்கார்ந்தேன். கண்ணை மூடி, அதிர்வே இல்லாமல் ஓடும் ஒரு பம்பை நினைத்தேன். அது நன்றாக ஓடியது. அந்தப் பம்பிலிருந்து தண்ணீர் வந்தது. தண்ணீர் தொட்டிக்குப் போனது. வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் வால்வை மூடினோமா? அங்கிருந்து காஸ் அடுப்புக்குப் போனேன், அங்கிருந்து மகளின் பிரசவத்துக்கு, அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

"இப்ப என்ன நெறம், அம்முணி?"

"பச்சைங்க."

நான் இருந்த இருப்பில் அது பச்சையாக இருக்க வாய்ப்பே இல்லை. அதை நினைத்ததும் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. நான் கவலைப்படுவதால் அவளுக்கு வேலை போகும். அவளுக்கு வேலை போகுமே என்றுதான் நான் கவலைப்படுகிறேன். இப்படி ஒரு மோட்டார் என் மேசைக்கு வந்திருந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டு மற்ற வேலையைப் பார்த்திருப்பேன்.

ஒரு சிக்னலில் நின்றபோது ரகசியமாகக் கம்பெனிக்கே போன் போட்டேன். தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுடையது அல்ல என்று சொல்லிவிடுவோம் என்று.

"வணக்கம் பொன்னுரங்கம் ஐயா" என்றது தேன் ஒழுகும் குரல். "தங்கள் குரலில் சிறிது பதற்றம் தெரிகிறது. ஒரு மலை ஓடையின் ஒலியைக் கேட்கிறீர்களா?"

"ஓடையெல்லாம் வேண்டாமுங்க. இன்னிக்கு நடந்த விபத்துக்கு நான்தான்..."

ஓடை ஓடத் தொடங்கியது. நடுவில் ஒரு குயிலும் கூவியது. மனிதர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். குயில் மறுபடி கூவியது.

கால்வாய்க்கு அந்தப் பக்கம், நான்காம் வட்டாரம் என்று ஒரு பகுதி. தெருவெல்லாம் நத்தைக் கடைகள். நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு, ஊரே உட்கார்ந்து ஊசியால் நத்தைக் கறியைக் குத்தி எடுத்துத் தின்றுகொண்டிருந்தது. இந்தத் தெரு நிம்மதி உலாவின் பாதையில் இல்லை என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்தது. யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த முக்காலியில் உட்கார்ந்தபோது என் முழங்கால் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து மேசைக்காரர் மட்டும் திரும்பினார்.

தேங்காய்ப்பாலில் வேகவைத்த நத்தை வந்தது. நான் சைவம் இல்லை என்றாலும் நத்தைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. ஒன்றைக் குத்தி, சுற்றிப் பார்த்து, கிண்ணத்திலேயே திரும்ப வைத்தேன். கடைக்காரம்மா கண்டுவிட்டார். கரண்டியோடு வந்து நின்று, மூச்சு விடாமல் பொழிந்தார்.

"ஏனுங்க, திங்கறதுக்கு வந்தீங்களா, அதோட மூஞ்சியப் பாக்க வந்தீங்களா? வெடியக்காலையில சந்தைக்குப் போயி ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கழுவி வெச்சிருக்குது. குத்தித் திங்கத் தெரியலீன்னா வீட்டுல கஞ்சி குடிச்சுப்போட்டுப் படுங்க!"

அடடா. எவ்வளவு நேரம் கழித்து ஒரு வசவு. காதில் கொங்குத் தமிழில் அது இறங்க இறங்க, சாயங்காலத்திலிருந்து என் தோளில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. கைகூப்பி, "தப்புத்தானுங்க அம்மணி" என்றேன். அவர் 'ஹும்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நத்தையைத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

"பாத்தியா, இப்ப நெசமாவே பச்சை வந்திருக்கும்" என்றேன் துயெனிடம்.

"ஆமாங்க" என்றாள். அவள் ஒரு தட்டை முடித்து அடுத்த தட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் வழிகாட்டிகள் இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அவள் போன் மேசையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், கவிழ்த்து வைத்தாள்.

"கம்பெனியா?"

"இல்லீங்க."

"கம்பெனின்னா குடு, நான் பேசறேன். தமிழ்ல நாலு வார்த்தை..."

"கம்பெனி இல்லீங்க சித்தப்பா. நத்தை ஆறுதுங்க, சாப்புடுங்க."

மறுபடி அதிர்ந்தது. மறுபடி கவிழ்ந்தே கிடந்தது. என் தோளைவிட்டு எழுந்து போனது திரும்பி வந்து உட்கார்ந்தது.

அதன் பிறகு போன இடங்கள் எதுவும் பயணத் திட்டத்தில் இருந்திருக்காது. மூட்டை மூட்டையாகச் சாமந்தி இறங்கிக்கொண்டிருந்த ஒரு பூச்சந்தைக்குள் வண்டியிலேயே நுழைந்து வெளியே வந்தோம். ஒரு கால்வாய்க் கரையில் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து பாட்டுக்கு ஆடிச் செய்த உடற்பயிற்சியைப் பார்த்தோம். ஒரு குறுகலான சந்தின் முனையில் வண்டி வேகம் குறைந்தது. உள்ளே குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒரு தையல் கடை, வாசலில் ஒரு நீலச்சட்டை தொங்கியது. துயென் ஒரு காலை ஊன்றி நின்றாள், பிறகு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே மாதிரி ஒரு சந்து, அதே மாதிரி தையல் கடை.

"அம்முணி, இதே கடையை நாம ஏற்கெனவே பாத்தமில்ல?"

"இந்த ஊர்ல தையல் கடை நெறையங்க சித்தப்பா."

மூன்றாவது தடவையும் அதே சந்து முனைக்கு வந்தோம். கடை வாசலில் அதே நீலச்சட்டை தொங்கியது. வழி தவறிவிட்டாள் போலிருக்கிறது, சொன்னால் சங்கடப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். இப்படி அவள் என் நெஞ்சைக் காக்க, நான் அவள் நெஞ்சைக் காக்க, இரண்டு பேரும் பொய்யாகவே ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றில் நிறுத்தினாள். எதிர்க்கரையில் கட்டடங்கள் பளபளத்தன. புல்தரையில் குடும்பங்கள் பாய் விரித்துச் சோளம் வறுத்துத் தின்றுகொண்டிருந்தன. குழந்தைகள் பட்டம் விட்டார்கள், பட்டங்களிலும் விளக்கு. துயென் எனக்கு எலுமிச்சைத் தேநீர் வாங்கப் போனாள்.

நான் உட்கார்ந்த பெஞ்சின் கீழே ஒரு நாய் தூங்கியது. மண்ணிற நாய், ஊர் நாய்தான். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை. வயிறு ஏறி இறங்குவதில் ஒரு சுருதி பிசகவில்லை. அந்த வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். தொழில் பழக்கம். எங்கள் கம்பெனியின் மிகச் சிறந்த மோட்டாருக்குக்கூட அந்த ஓட்டம் கிடையாது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனைகள் வரும்போது நான் அவற்றை நிறுத்தி விசாரித்திருந்தால் என் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும்.

பட்டையின் கொக்கியைச் சாவிமுனையால் நெம்பினேன். முப்பத்து மூன்று வருஷம் மோட்டாரைப் பிரித்துக் கோத்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. மெல்லக் குனிந்து நாயின் முன்னங்காலில் மாட்டினேன். அது ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மன்னித்து, மூடிக்கொண்டது. இனி கம்பெனிக்கு என் நெஞ்சு வேண்டாம். உலகத்திலேயே நிம்மதியான ஒரு நெஞ்சை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சாயங்காலத்திலிருந்து முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

பட்டத்தோடு ஒரு குழந்தை ஓடியது. பட்டம் தரை தட்டிப் பெஞ்சுக்குப் பக்கத்தில் விளக்கோடு உரசிக்கொண்டு போனது. நாய் துள்ளி எழுந்தது. ஒரு குரைப்பு. அடுத்த கணம் பாய்களைத் தாண்டி, சோளத்தைத் தாண்டி, பட்டத்தின் பின்னால், என் மனநிலையை முன்னங்காலில் கட்டிக்கொண்டு ஓடியது.

"டேய்! நில்றா! சாமி, நில்லு சாமி!"

அறுபத்தொரு வயதில் எவ்வளவு ஓட முடியுமோ ஓடினேன். நாய் இருட்டில் இன்னும் நான்கு நாய்களோடு சேர்ந்துவிட்டது. அங்கே பெரிய சண்டை ஒன்று தொடங்கியது. உறுமல், ஊளை, கடி. அந்தச் சண்டை முழுவதும் என் பெயரில் பதிவாகிக்கொண்டிருந்தது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். துயென் இரண்டு கோப்பைகளோடு பெஞ்சருகே நின்றாள்.

"அம்முணி, கெடுத்துப்போட்டேன். உன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேன். நீ நல்லா இருக்கோணும்னுதான்... நாய் தூங்கிட்டிருந்துது... பட்டையை அதுக்கு மாட்டி... இப்ப அது சண்டை போடுது. செக்கச் செவேல்னு இருக்கும். வண்டிய எடு, புடிச்சரலாம்!"

அவள் என்னைப் பார்த்தாள். நாய்ச்சண்டை கேட்ட திசையைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். கோப்பைகளைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பயிற்சி கொடுத்த சிரிப்பு இல்லை. பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு. கண்ணில் நீர் வழிய வழிய, "நாய்க்கா? நாய்க்கா மாட்டுனீங்க?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்திரி அம்முணி, நேரமாகுது."

"ஓடட்டும் உடுங்க சித்தப்பா."

"என்ன ஓடட்டுமா? உன்ற வேலை!"

"உடுங்க."

அவள் தேநீரை எடுத்து உறிஞ்சினாள். நான் நின்றபடியே அவளைப் பார்த்தேன். வண்டிச் சாவி பெஞ்சில் கிடந்தது. அதைத் தொடக்கூட இல்லை. நாயைத் துரத்தவில்லை, போனை எடுத்து நிறம் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரிலிருந்து சத்தம் வந்தால் பழுது. சத்தமே வராவிட்டால் அது ஓடவில்லை.

மெதுவாக அவளுக்குப் பக்கத்தில், புல்லில் உட்கார்ந்தேன்.

"அம்முணி. இப்ப என் கையில பட்டை இல்ல. நான் அழுதாலும் சிரிச்சாலும் யாருக்கும் தெரியாது. எனக்குச் சங்கடமா இருக்குமேன்னு பாக்காத. உனக்கு வேலை போயிருமா?"

சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது. பிறகு அதுவும் இல்லை.

"போயிருச்சுங்க சித்தப்பா."

"இப்பவா? நாயாலயா?"

"இல்லீங்க. அந்த ரோட்டுலயே. ஹெல்மெட்டக் கழட்டும்போது போன்ல வந்துருச்சு. அப்பவே என்ற பேரை எடுத்துட்டாங்க."

நான் கணக்குப் போட்டேன். கோவில், நத்தை, பூச்சந்தை, கால்வாய், இந்த ஆற்றங்கரை. இத்தனை இடத்திலும் அவள் வழிகாட்டியே இல்லை. பின்னிருக்கையில் நான் பிடித்த மூச்சு, நினைத்த பம்பு, ஓடை, குயில், ஒன்றும் எந்த விளக்குக்கும் போய்ச் சேரவில்லை. வேலையைப் பறித்தவனை நடுத்தெருவில் இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. செருப்பைக் கையில் பிடித்து நின்ற ஒரு கிழவனை அந்த ஊரில் தனியாக விட மனம் வரவில்லை போலும். சித்தப்பா என்று கூப்பிட்டது வெறும் வாய்ச்சொல் இல்லை. அவளை என் சொந்த மகளாகவே நினைத்து, அந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன்.

"அப்புறம் எதுக்குக் கண்ணு, இவ்வளவு நேரம் என்னைக் கூட்டிட்டுச் சுத்துனே?"

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை கவிழ்த்து வைக்கவில்லை. எரிகிற திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தத் தையல் கடைதானுங்க எங்க வீடு, போனா அம்மாகிட்டச் சொல்லோணுமுங்க. பயமா இருந்துச்சு, அதான் சுத்திட்டே இருந்தேன். நீங்க பின்னால உக்காந்திருந்தீங்க, அவ்வளவுதானுங்க."